பழைய கணினி விளையாட்டு புதிய திரையில் ஏன் துள்ளுகிறது?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு வீடு. மடிக்கணினியில், பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் மூலம், கொமடோர் 64 என்ற பழைய கணினியின் விளையாட்டு ஓடுகிறது. பின்னணி நகரும்போது மட்டும் படம் துள்ளுகிறது. சிலவேளை குறுக்கே கிழிந்தும் தெரிகிறது. கணினி வேகம் போதாதா? இல்லை, தாளம்தான் பொருந்தவில்லை.

இலங்கைத் தொலைக்காட்சிக்கு வந்தது 'பிஏஎல்' ஒளிபரப்பு முறை. அதில் திரை செக்கனுக்கு 50 தடவை வரையப்படும். ஐரோப்பாவில் விற்ற கொமடோர் 64உம் அந்தத் தாளத்தில்தான் இயங்கியது. இன்றைய மடிக்கணினித் திரைகள் பெரும்பாலும் 60 தடவை வரைகின்றன.

ஒரு வகுப்பறையை நினையுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவி மேலிருந்து கீழாகப் பார்த்தெழுதுகிறாள். பாதியில் ஆசிரியர் அழித்துப் புதுப்பாடம் எழுதினால்? கொப்பியில் மேல்பாதி பழையது, கீழ்ப்பாதி புதியது. ஆசிரியர்தான் எமுலேட்டர், மாணவிதான் திரை; கிழிசல் இதுதான்.

கிழிசலைத் தடுக்கும் 'வி-சிங்க்' அமைப்பு என்பது, மாணவி கடைசி வரியை முடிக்கும்வரை ஆசிரியரைக் காக்க வைப்பது. கிழிசல் போய்விடும். துள்ளல் போகாது! ஐந்து பாடம் வருவதற்குள் அவள் ஆறு தடவை எழுதிவிடுகிறாள். ஏதோ ஒன்று இரண்டு முறை பதிகிறது. செக்கனுக்குப் பத்துத் தடவை இப்படி நடந்தால் கண் கண்டுபிடிக்காதா?

என்ன செய்யலாம்? திரை இடம் கொடுத்தால் 50 அல்லது 100 ஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு அத்தனை தடவை) மாற்றுங்கள். கொமடோரின் உண்மைத் தாளம் ஏறத்தாழ 50.12; அந்தச் சிறு மிச்சத்துக்காக நல்ல எமுலேட்டர்கள் விளையாட்டையும் ஒலியையும் மயிரிழை மெதுவாக்கிக்கொள்ளும். புதிதாகத் திரை வாங்குவதானால், படம் வரும் வேகத்துக்குத் தானே இசைந்துகொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.