காப்பிக்கு உறவு தேடியவர்கள்

1869-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்பக்கம் மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் பொடி படியத் தொடங்கியது. இலைத்துரு நோய், ஒரு பூஞ்சையின் வேலை. இலைகள் உதிர்ந்தன, செடிகள் மொட்டையாயின. இருபது ஆண்டுகளுக்குள் அந்த மலைகள் தேயிலைக்கு மாறின. மன்னார் வழியாகக் காடு கடந்து, வழியிலேயே எத்தனையோ உயிர்களைப் பறிகொடுத்து, காப்பிக்காகப் போன நம் மக்களின் பிள்ளைகள் கொழுந்து பறிக்க நேர்ந்தது இப்படித்தான்.

ஒரு பூஞ்சைக்கு இத்தனை வலு எங்கிருந்து வந்தது? பூஞ்சையின் வலுவைவிட, செடியின் வறுமைதான் காரணம் என்பேன். அராபிகா என்ற அந்தக் காப்பி இனத்தின் தாய்வீடு எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். அங்கிருந்து ஏமனுக்குப் போனவை கொஞ்சம் விதைகள். ஏமனைத் தாண்டி உலகுக்குக் கிடைத்தவை அதிலும் கொஞ்சம். 1706-ல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஒரு செடியின் வாரிசுகள் லத்தீன் அமெரிக்காவரை பரவின. போதாததற்கு, அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். தோட்டம் முழுக்க ஒரே ரத்தம்; ஒன்றை வீழ்த்தும் நோய் அத்தனையையும் வீழ்த்தும்.

மைசூரில் கென்ட் என்ற தோட்ட முதலாளி, 1911-ல் துருவுக்குத் தாக்குப்பிடித்த செடியைக் கண்டு விதை எடுத்தார். சில ஆண்டுகளில் பூஞ்சை புது வேஷம் போட்டு அதையும் தொட்டது. பிறகு 1925-ல் சிக்கமகளூரு மாவட்டத்துப் பாலேஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அராபிகாவும் லைபெரிகா என்ற வேறொரு காப்பி இனமும் தானாகக் கலந்து பிறந்த ஒரு செடியின் வழிவந்த எஸ்.288 அங்கே கைக்குக் கிடைத்தது. துருவைத் தாங்கும், ஆனால் கொட்டையில் குறை. அதைக் கென்ட் வகையோடு சேர்த்தார்கள். 1940-களில் வெளிவந்த எஸ்.795 அந்தச் சம்பந்தத்தின் பிள்ளை. சுவையும் உண்டு, தாங்கும் சக்தியும் உண்டு. நம் மலைகளில் இன்றும் நிற்கிறது, பழைய வலு குறைந்துவிட்டாலும்.

பின்னால் திமோர் தீவில் அராபிகாவும் ரோபஸ்டா இனமும் இயற்கையாகக் கலந்த மரம் கைகொடுத்தது. காவேரி, சந்திரகிரி வகைகள் அதன் வம்சம். கவனியுங்கள்: லைபெரிகாக் கலப்பையும் திமோர்க் கலப்பையும் செய்தது இயற்கை, மனிதர்கள் அவற்றை அடையாளம் கண்டு பேணினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த உறவு எங்கே இருக்கிறது? காட்டில். 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, காப்பிப் பேரினத்தின் 124 இனங்களில் 60 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. நெல் விதையைப்போலக் காயவைத்துக் குளிர்பெட்டியில் போட்டுப் பல்லாண்டு காக்கவும் காப்பி விதை இடம்தராது. உயிருள்ள மரமாகவே வளர்க்க வேண்டும். கோஸ்டாரிக்காவின் துரியால்பாவில், 1960-களில் எத்தியோப்பியாவில் சேகரித்த விதைகளின் வழிவந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குக் களையெடுக்க வேண்டும், கவாத்துச் செய்ய வேண்டும், பட்டுப்போவதற்குள் புதுக் கன்று நட வேண்டும், ஒவ்வோர் ஆண்டும்.