பன்னிரண்டு குடமும் ஒரு சொம்பும்

அரையாண்டு லீவுக்கு என் அண்ணன் மகன் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் ஜெகதளாவுக்கு வந்திருந்தான். மார்கழிக் காலை. வீட்டுக்குக் கீழே சரிவில் தேயிலைச் செடிகள் மேல் பனி, உப்பைத் தூவினாற்போல் படிந்திருந்தது. பயல் மூன்றாவது முறையாகக் கம்பளியை உதறிவிட்டு, பற்கள் தந்தியடிக்க வெளியே ஓடினான். திரும்பி வந்து அடுப்புப் பக்கம் ஒண்டிக்கொண்டு கேட்டான்:

“அத்தை, ஊர்ல எவ்வளவு தண்ணி குடிச்சாலும் இத்தனை தடவை வராது. இங்க தண்ணியே குடிக்கல. அப்புறம் எங்கிருந்து வருது?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் சிறுநீரகத்துக்குள் ஒரு சுற்று போய்வர வேண்டும்.

முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவை இரண்டும் இருக்கின்றன. அவரை விதையின் வடிவம். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் மூடிய கை அளவு, சுமார் 150 கிராம். இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் 1 லிட்டருக்கும் மேல் இந்த இரண்டு சின்ன உறுப்புகளுக்கே போய்விடுகிறது.

‘சிறுநீரகம் ஒரு வடிகட்டி’ என்று படித்திருப்பீர்கள். டீ வடிகட்டியை நினைத்துப் பாருங்கள். வேண்டாத திப்பி மேலே நிற்கும். வேண்டிய டீ கீழே இறங்கும். சிறுநீரகத்தில் நடப்பது தலைகீழ். மேலே நிற்பவை நமக்கு வேண்டியவை: ரத்த அணுக்கள், பெரிய புரதங்கள். கீழே இறங்குவதில் கழிவு இருக்கிறது. ஆனால் கூடவே சர்க்கரை, உப்பு, ஏராளமான தண்ணீர் எல்லாம் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய குழாய்கள் உள்ளன. ஒரு குழாயும் அதன் வடிகட்டியும் சேர்ந்ததற்கு நெஃப்ரான் என்று பெயர். குழாயின் தொடக்கம் ஒரு கிண்ணம்போல் இருக்கும். அதை 1842-இல் விவரித்துச் சொன்னவர் வில்லியம் பௌமன் என்ற ஆங்கிலேய மருத்துவர். அதனால் பௌமன் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குள் முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டுபோல் சுருண்டிருக்கும். உள்ளே வரும் வழி அகலம், வெளியே போகும் வழி குறுகல். ஆகவே ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு அழுத்த, தண்ணீரும் சின்னச் சின்னப் பொருட்களும் குழாய்ச் சுவர் வழியாகக் கிண்ணத்துக்குள் பிதுங்கி விழுகின்றன.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் இப்படி விழுவது எவ்வளவு தெரியுமா? 180 லிட்டர்! பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் பன்னிரண்டு குடம். வெளியே வருவதோ ஒன்று அல்லது இரண்டு லிட்டர், ஒரு பெரிய சொம்பளவு. மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடிப்போமே, அதுதான் இது. குப்பையை மட்டும் தேடித்தேடிப் பொறுக்க மாட்டோம். பாத்திரம், பாய், பெட்டி என்று எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து போடுவோம். பிறகு வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துவைப்போம். நெஃப்ரான் குழாய் இதைத்தான் செய்கிறது. முதல் வளைவிலேயே சர்க்கரை முழுவதையும், தண்ணீரிலும் உப்பிலும் பெரும்பங்கையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. (நீரிழிவு நோயில் சர்க்கரை அளவுக்கு மீறி வருவதால், எடுத்துவைக்கக் கை போதாமல் மீதி சிறுநீரில் போகிறது.) கல்லீரல் செய்து அனுப்பும் யூரியா என்ற கழிவில் கணிசமான பங்கு முற்றத்திலேயே நின்றுவிடும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று நானும் யோசித்திருக்கிறேன். யோசிக்க யோசிக்க வியப்புத்தான் கூடுகிறது. உலகத்தில் உள்ள வேண்டாத பொருட்கள் எல்லாவற்றுக்கும் சிறுநீரகம் பட்டியல் வைத்திருக்க வேண்டியதில்லை. வேண்டியவற்றின் சின்னப் பட்டியல் போதும். நேற்றுத்தான் கண்டுபிடித்த மருந்தாக இருந்தாலும், தண்ணீரில் கரைந்து கிண்ணத்துக்குள் விழுந்து, உள்ளே எடுத்துவைக்க ஆளில்லை என்றால் அது வெளியே போய்விடும்.

இப்போது பயலின் கேள்விக்கு வருவோம். குழாயின் கடைசிப் பகுதியில் தண்ணீருக்கென்றே கதவுகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் அக்வாபோரின். கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதவுகளைத் திறக்கச் சொல்வது மூளையிலிருந்து வரும் ஏடிஹெச் என்ற ஹார்மோன். அது நிறைய வந்தால் கதவுகள் திறந்து, தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் குறையும். அது குறைந்தால் தண்ணீர் அப்படியே வெளியேறும்.

குளிரில் உடம்பு சூட்டைக் காப்பாற்றத் தோலில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. அங்கே இருந்த ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வந்து சேர்கிறது. ‘உள்ளே தண்ணீர் அதிகமாகிவிட்டது’ என்று உடம்பு எடுத்துக்கொள்ள, ஏடிஹெச் குறைகிறது, கதவுகள் மூடுகின்றன. மேட்டுப்பாளைய வெயிலில் வியர்வையாகப் போன தண்ணீரும் இங்கே அந்த வழியில் போவதில்லை.

“அப்ப எங்கிருந்து வருதுன்னா, உன் ரத்தத்துல இருந்துதான்டா வருது” என்றேன். பயந்துவிட்டான். பயப்பட ஒன்றுமில்லை, போனதை ஈடுகட்டக் குடித்தால் போதும். ஆனால் குளிரில் தாகம் மந்தமாகிவிடுவதால் நாம் மறந்துவிடுகிறோம்.

நிறத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். வெளிறிய மஞ்சள் நல்லது; அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. சுமார் 120 நாள் வாழ்ந்து தேய்ந்த சிவப்பணுக்களின் மிச்சம்தான் அந்த மஞ்சள். அதை உண்டாக்க உதவுவது நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் ஒரு நொதி என்பது 2024-இல்தான் தெரியவந்தது. சித்த மருத்துவர்களோ நெடுங்காலமாகக் காலை நீரின் நிறம், மணம், நுரை பார்த்து நோயைக் கணித்தார்கள். அதற்கு நீர்க்குறி என்று பெயர்.

பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய்கூடக் குடிக்காத பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று ஆசிரியரிடமும் அம்மா அப்பாவிடமும் கேளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. அடக்கி வைப்பதும் தண்ணீரைத் தவிர்ப்பதும் நோய்த்தொற்றுக்கு வழிவிடும்.

அன்று முழுவதும் அடுப்போரம் ஒரு செம்பு வெந்நீர் வைத்தேன். போகும்போதும் வரும்போதும் குடித்தான். லீவு முடிந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் போனில் கூப்பிட்டான்.

“அத்தை, மலை இறங்குறப்ப பர்லியார் தாண்டினதும் ஸ்வெட்டரைக் கழட்டிட்டேன். பஸ்ஸை எங்கயும் நிறுத்தச் சொல்லல!”