அடுப்பு சற்றுப் பொறுக்கட்டும்

ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது ஜூலை முதல் மலைகளில் வீசும் வறண்ட காற்று. செப்டெம்பர் இறுதியில் அது தணிய, பூனாகலையின் மாலைகளில் மூடுபனியும் மழையும் தலைகாட்டுகின்றன. கொழுந்தை நிறுத்துக் கொடுத்த தாய், பிள்ளைக் காம்பராவுக்கு விரைகிறாள். இரண்டு வயதுக் குழந்தை தள்ளாடி ஓடிவந்து, கறைபடிந்த அவள் விரலைப் பற்றுகிறது. லயத்துக்குச் செல்லும் படிகளைத் தானே ஏற வேண்டுமென அடம்பிடிக்கிறது. வழியில் நத்தையொன்றைக் கண்டால் குந்திவிடுகிறது.

பிரியமானவர்களே, அவ்வேளையில் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும் என்று குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு விரைகிறோம். அந்த அவசரமும் அன்பினால் வந்ததே. ஆனாலும், சிறுபிள்ளைகளைத் தடுத்த சீடர்கள்மேல் இயேசு கோபங்கொண்டார் என மாற்கு 10ஆம் அதிகாரம் கூறுகிறது. பாடுகள் காத்திருந்த எருசலேமுக்குப் போகும் நாட்களிலும், அவர்களை அணைத்து ஆசீர்வதிக்க அவருக்கு நேரம் இருந்தது.

2014 ஒக்டோபர் 29 காலை, அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். நாளை கொஞ்சிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க எவருக்கும் உறுதி தரப்படவில்லை.

இன்று மாலை குழந்தை குந்தும் இடத்தில் நாமும் சற்றுக் குந்துவோம். அது காட்டும் நத்தையைப் பார்த்து மகிழ்வோம். தேவன் தந்த நாளில் அதுவும் ஒரு பங்கு.