காசு கொடுத்து இரைச்சல் வாங்குகிறார்கள்!

பழைய மிக்ஸருக்குக் கம்ப்யூட்டரில் மறுபிறவி

ஒரே ஒரு பித்தான். அழுத்தினால் பாட்டுக்கு அடியில் ‘உஸ்’ என்று மெல்லிய இரைச்சல் சேரும். அழுத்தாவிட்டால் பாட்டு துல்லியமாக இருக்கும். இந்த இரைச்சலுக்கும் சேர்த்துத்தான் காசு!

நம்ப முடியவில்லையா? ‘வேவ்ஸ்’ கம்பெனி விற்கும் ‘எஸ்.எஸ்.எல். 4000’ என்ற சாப்ட்வேரில் இந்தப் பித்தான் இருக்கிறது. பெயர் ‘அனலாக்’. இந்த மாதிரி சாப்ட்வேருக்கு ‘பிளக்-இன்’ என்று பெயர். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் உலகம் பூராவும் இவற்றை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு மிக்ஸர், இரண்டு வீடு!

மிக்ஸர் என்றதும் தின்கிற மிக்சர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாண வீட்டில் மைக் செட்காரர் முன்னால் வரிசையாகத் திருகு வைத்த பெட்டி இருக்குமே, அதுதான். நாதஸ்வரத்தைக் கூட்டுவார், தவிலைக் குறைப்பார். அந்தப் பெட்டியே சாப்பாட்டு மேஜையைவிடப் பெரிதாக வளர்ந்தால் ஸ்டூடியோ மிக்ஸர்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘சவுண்ட் சிட்டி’ என்று ஒரு ஸ்டூடியோ. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து ‘நீவ்’ கம்பெனி மிக்ஸர் ஒன்றை வரவழைத்தார்கள். விலை சுமார் 75 ஆயிரம் டாலர். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ முதலாளி தன் வீட்டை வாங்கியதே 38 ஆயிரம் டாலருக்குத்தான். அதாவது, ஒரு மிக்ஸர் விலைக்கு இரண்டு வீடு!

அதைச் செய்தவர் ரூபர்ட் நீவ். 1926-ல் பிறந்தவர். அர்ஜென்டினாவில் வளர்ந்தார். பையனாக இருந்தபோதே ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். 2021-ல், 94-வது வயதில் காலமானார். 1970-ல் வந்த அவருடைய ‘1073’ என்ற பகுதிக்கு இன்றும் கிராக்கி குறையவில்லை.

குறைதான் ருசி

விஷயம் இதுதான். அந்தக் கால மிக்ஸர் எதுவும் உள்ளே போன ஒலியை அப்படியே வெளியே விட்டதில்லை. உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதன் இரும்பு, பலத்த ஒலி வந்தால் திணறும். 100 சைக்கிள் ஒலியை அனுப்பினால் கூடவே 200, 300 சைக்கிள் ஒலியும் லேசாக ஒட்டிக்கொண்டு வரும். கேட்பவருக்கு அது கனமாக, இதமாகத் தெரியும்.

இன்னொன்று, பழைய டெலிபோனில் யாரோ பேசுவது நடுவில் கேட்குமே, அந்த மாதிரி. ஒரு வழியில் வரும் மேளம் பக்கத்து வழியிலும் கொஞ்சம் கசியும். போதாததற்கு, ஒரே மாதிரி செய்த இரண்டு வழிகள்கூட அச்சு அசலாக ஒத்துப்போகாது. உதிரி பாகங்களில் நூற்றுக்கு ஐந்து, பத்து வித்தியாசம் இருக்கும்.

இதையெல்லாம் ஒழிக்க எஞ்சினீயர்கள் ஆயுள் முழுக்கப் பாடுபட்டார்கள். கம்ப்யூட்டர் வந்து ஒழித்தே விட்டது. ஒழிந்த பிறகுதான் ‘ஐயோ, பாட்டு சப்பென்று இருக்கிறதே’ என்ற முணுமுணுப்பு கிளம்பியது!

லண்டன் ‘அபே ரோடு’ ஸ்டூடியோவிலும் முன்பு ஒருமுறை இந்தக் கூத்து நடந்தது. 1968-ல் வால்வு மிக்ஸர் போய், டி.ஜி. 12345 என்ற டிரான்சிஸ்டர் மிக்ஸர் வந்தது. பீட்டில்ஸ் குழுவின் எஞ்சினீயர் ஜெப் எமரிக்குக்கு ஒலி மிருதுவாகிவிட்டதே என்று வருத்தம். ஆனால் 1969-ல் அதில் பதிவான ‘அபே ரோடு’ இசைத்தட்டுக்கு அந்த மிருதுதான் அழகு சேர்த்தது. இன்று அந்த மிக்ஸருக்கும் பிளக்-இன் இருக்கிறது.

நகல் எடுப்பது எப்படி?

அசல் மிக்ஸருக்குள் விதவிதமான ஒலியை அனுப்புகிறார்கள். மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை. வெளியே வருவதில் என்ன மாறியது என்று அளக்கிறார்கள். சர்க்யூட் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாகமும் செய்கிற வேலையைக் கணக்காக எழுதுகிறார்கள். ‘பிரைன்வொர்க்ஸ்’ கம்பெனி 72 வழிகளுக்கும் தனித்தனி வித்தியாசம் வைத்தே விற்கிறது. கோணலைக்கூட எண்ணி எண்ணிச் செய்திருக்கிறார்கள்!

அசலும் நகலும் ஒன்றா? ஒரு வழியில் மட்டும் போட்டுக் கேட்டால் வித்தியாசமே தெரியாது. 24, 32 வழியில் சேர்ந்தால்தான் தெரியும். பஸ்ஸில் செல்போனில் பாட்டு கேட்பவருக்கு அதுவும் தெரியாது. ஆனால் சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, இரண்டு வீட்டு விலைச் சரக்கு தள்ளுபடியில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது சின்ன விஷயமா?

நஷ்டம் யாருக்கு?

பெரிய ஸ்டூடியோக்களுக்குத்தான் அடி. வீட்டிலேயே வேலை முடிந்தால் வாடகை கொடுத்து யார் வருவார்கள்? பல பழைய நீவ் மிக்ஸர்களைக் கழற்றித் துண்டு துண்டாக விற்றார்கள். எஸ்.எஸ்.எல். கம்பெனியோ, தன் பழைய மிக்ஸரின் நகலைத் தானே பிளக்-இன்னாக விற்கிறது.

1991-ல் ‘நிர்வாணா’ குழுவின் ‘நெவர்மைண்ட்’ பதிவான இடம் சவுண்ட் சிட்டி. 2011-ல் அது வெளியாருக்குக் கதவைச் சாத்தியது. அங்கே டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல், அந்த நீவ் மிக்ஸரை விலைக்கு வாங்கித் தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். 2013-ல் அதைப் பற்றிப் படமும் எடுத்தார்.

பிறகு, 2023-ல், சவுண்ட் சிட்டியின் பதிவு அறையையே பிளக்-இன் ஆக்கி விற்பனைக்கு விட்டது ‘யூனிவர்சல் ஆடியோ’ கம்பெனி.