மகளின் பெயரில் ஒரு மாளிகை

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் நோக்கி வரும் வழியில், சத்துருக்கொண்டானைத் தாண்டினால் தன்னாமுனை. வாவியை அண்டிய இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், வியாபாரிகளான நாம் முதலில் கேட்பது பேர்ச் என்ன விலை என்பதைத்தான். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்த வீடு என்று விசாரிப்பவர் குறைவு. அந்த விசாரிப்பின் பெறுமதியை விளங்கிக்கொள்ளக் கொழும்பிலுள்ள ஒரு வீட்டின் வரலாறு உதவும்.

கொள்ளுப்பிட்டியிலுள்ள மும்தாஸ் மஹால் 1928இல் கட்டப்பட்டது. கட்டியவர் முஹம்மது ஹுசைன் என்ற வர்த்தகர். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் தொழில் செய்த வசதியானவர்கள், நெரிசலை விட்டு விலகித் தோட்டத்துடன் வீடு கட்டிய காலம் அது. வரைபடம் ஹோமி பில்லிமோரியா என்ற பார்சிக் கட்டடக் கலைஞருடையது. ஹுசைன் தனது இளைய மகளின் பெயரையே வீட்டுக்குச் சூட்டினார்.

பின்னர் அந்த வீடு அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 1948 முதல் 2000ஆம் ஆண்டு வரை சபாநாயகரின் உத்தியோகபூர்வ வாசஸ்தலம் அதுதான். அந்த 52 ஆண்டுகளுக்குள் எச்.எஸ். இஸ்மாயில், பாக்கீர் மாக்கார், எம்.எச். முஹம்மத் ஆகிய மூன்று முஸ்லிம்கள் சபாநாயகர் ஆசனத்தில் இருந்தார்கள். ஒரு முஸ்லிம் வியாபாரி தன் குடும்பத்துக்கென்று கட்டிய வீடு நாட்டின் அரசியல் சரித்திரத்தில் இப்படி இடம்பிடித்தது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும்?

இதே பில்லிமோரியா வரைந்த இன்னொரு வீடு, றொஸ்மீட் பிளேஸிலுள்ள டின்டாஜல். டாக்டர் லூசியன் டி சில்வாவுக்காகக் கட்டப்பட்டு, உலக யுத்தத்தின்போது பிரித்தானிய இராணுவத்திடம் இருந்து, பின்பு பண்டாரநாயக்க குடும்பத்துக்குப் போனது. 1959 செப்டம்பர் 25இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டது அந்த வீட்டு விறாந்தையில்தான். பிற்காலத்தில் அது ஹோட்டலாக்கப்பட்டது. இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பினால்தான் பழைய வளவு சம்பாதித்துத் தரும் என்று கணக்குப் போடுவோர் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

மும்தாஸ் மஹாலுக்கு மகளின் பெயர் மட்டும்தான். நமது கிழக்கிலோ வீடே மகளுக்கு. கலியாணம் பேசும்போது வீட்டை எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறுவதும் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் உள்ள வழக்கம். (இது நல்லதா கெட்டதா என்ற வாதம் வேறு, இங்கே அதற்கு இடமில்லை.) ஆகவே இங்கே ஒரு பழைய வீட்டின் உரிமையைத் தேடுபவர் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று போனால் பாதி வழியில் நின்றுவிடுவார். உம்மா, உம்மாவின் உம்மா என்று சீதன உறுதிகளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்த உறுதிகளிலும் எத்தனையோ 1990இல் போய்விட்டன. அந்த ஆண்டு ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் கொல்லப்பட்டவர்கள் போக, உயிர் தப்பிய இரு சமூகத்தவரும் உடுத்த உடுப்புடன் ஓடினார்கள். உறுதிப் பெட்டியைத் தூக்க யாருக்கு நேரம் இருந்தது? பத்து வருடம் இடையூறின்றி எதிரிடையாக ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்று நமது காலவிதிப்புச் சட்டம் சொல்கிறது. இடம்பெயர்ந்தவனுக்கு இது பெரும் அநியாயமாகப் போனது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாதச் செயல்களால் வழக்கு வைக்க முடியாமல் போனவர்களுக்கு நிவாரணமாகத்தான் 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்று ஒருவர் குடியிருக்கிறார் என்பதால் மட்டும் வீடு அவருடையதாகிவிடாது.

தொல்பொருள் திணைக்களம் எல்லாப் பழைய வீட்டையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்கக் கூடாது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவைதான் தாமாகவே புராதன சின்னமாகக் கொள்ளப்படும். பிந்திய கட்டடமானால் வர்த்தமானியில் பிரகடனம் செய்தால்தான் பாதுகாப்பு. அப்படிப் பிரகடனம் செய்யப்படாத வீட்டைக் காப்பதும் இடிப்பதும் பெரும்பாலும் உரிமையாளர் கையில்.

உறுதி தொலைந்தால் எல்லாம் தொலைந்தது என்றும் இல்லை. பதிவு செய்யப்பட்ட உறுதியாயின் காணிப் பதிவகத்துப் புத்தகத்தில் அதன் விபரம் இருக்கும். கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம், பிரதியும் பெறலாம். சட்டத்தரணிகள் வழமையாக 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவார்கள். நமது பகுதியில் அந்த 30 வருடத்தில் பெரும்பகுதி யுத்தமும் மீள்குடியேற்றமுமாகவே கழிந்தபடியால், அதற்கும் அப்பால், 1990க்கு முந்திய உறுதி கையில் வரும்வரை தேடச் சொல்லுங்கள். பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.