கைத்திறன் குறைந்தோர்க்கான கண் சொட்டு மருந்துக் குப்பி: தாமிரபரணிப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கண் மருந்தின் பயன், அது குப்பியிலிருந்து கண்ணை அடையும் முறையைப் பொறுத்தது. விரல் வலுவும் பிடிமானமும் குறைந்த முதியோருக்கு இன்றைய குப்பிகள் பெருந்தடையாக உள்ளன. அத்தடையின் காரணங்களையும், அதனை நீக்கும் வடிவமைப்பு நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கண் சொட்டு மருந்து, கைத்திறன் குறைபாடு, நெம்புகோல், கண்நீர் அழுத்த நோய், விக்கிரமசிங்கபுரம்

முன்னுரை

பொதிகை மலையடிவாரத்தில் அமைந்த விக்கிரமசிங்கபுரத்தைச் சிவஞான முனிவர் பிறந்த ஊராகத் தமிழுலகம் அறியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு தொடங்கிய நூற்பாலை, இதனைத் தொழிலாளர் ஊராகவும் ஆக்கியது. ஆலையில் நூல் இணைத்தோர், வீட்டில் பீடி சுற்றிய பெண்கள், வயலில் நாற்று நட்டோர் எனப் பலருடைய பிழைப்பும் விரல் நுட்பத்தைச் சார்ந்தே நடந்தது. மூட்டுவாதம், நடுக்கம், பக்கவாதம் ஆகியவற்றால் அவ்விரல்கள் தளரும் முதுமையிலேயே கண்ணுக்கும் மருந்து தேவைப்படுகிறது. பிள்ளைகள் வெளியூர்களில் வாழ, தனித்திருக்கும் முதியவர் தம் கையாலேயே சொட்டு மருந்து இட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

மருந்தின் தேவை

கண்ணில் விடும் மருந்தைச் சித்த மருத்துவம் 'கலிக்கம்' என வழங்கும். இன்று இப்பகுதியில் சொட்டு மருந்து மிகுதியும் மூன்று நிலைகளில் தேவைப்படுகிறது. முதலாவது, கண்புரை அறுவைக்குப் பின்வரும் சில வாரங்கள். இரண்டாவது, நெல் தாளோ உமியோ கருவிழியைக் கீறுவதால் உண்டாகும் பூஞ்சைப் புண். இதற்குத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை மருந்திட நேரும். மூன்றாவது, கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உடைய 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நிகழ்த்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் 2.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இந்நோயால் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்க வாழ்நாள் முழுதும் மருந்திட வேண்டும். ஒருவேளைச் சொட்டு தவறினால் வலியோ உறுத்தலோ தோன்றுவதில்லை. ஆதலின் மருந்து கண்ணில் விழவில்லை என்பதை நோயாளி நெடுங்காலம் அறியாமலே இருக்கக்கூடும்.

கண்ணும் துளியும்

கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக உள்ள கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோ லிட்டர். கண் மிகுதியாகக் கொள்ளக்கூடியது 30 மைக்ரோ லிட்டர் அளவே. சந்தைக் குப்பிகளின் ஒரு துளியோ பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் வரை இருக்கும். எஞ்சியது கன்னத்தில் வழியும். அல்லது கண்ணீர்க் குழாய் வழியே மூக்கினுள் இறங்கிக் குருதியில் கலக்கும். டைமோலால் போன்ற மருந்து இவ்வாறு கலந்தால் இதயத்துடிப்பு குறையலாம். ஆஸ்துமா உடையோர்க்கு மூச்சுத்திணறல் ஏற்படலாம். எனவே 'ஒரு துளிக்கு இரண்டாக விட்டால் நல்லது' என்னும் எண்ணம் தீங்கானது.

பொருட்செலவும் கருதத்தக்கது. 50 மைக்ரோ லிட்டர் துளியாயின் 5 மி.லி. குப்பியில் 100 துளிகள் இருக்கும். இரு கண்களுக்கும் நாளைக்கு இருமுறை இடுவோர்க்கு அது 25 நாள்களுக்கு வரும். இரண்டில் ஒரு துளி தவறினால் 13ஆம் நாளிலேயே தீர்ந்துவிடும். மாதம் ஒரு குப்பி மட்டுமே வாங்க இயன்ற வீட்டில் எஞ்சிய நாள்கள் மருந்தின்றிக் கழியும்.

இன்றைய குப்பியின் இடர்ப்பாடுகள்

முதல் இடர்ப்பாடு மூடியைத் திறப்பதில் உள்ளது. நம் நாட்டுக் குப்பிகள் பலவற்றில் முனை அடைபட்டிருக்கும். மூடியை அழுத்தித் திருகினால் அதனுள் உள்ள கூர்முனை துளையிடும். இதற்கு விரல் வலு வேண்டும். அஃது இயலாதோர் ஊசியாலோ கத்தரியாலோ துளையிடுகின்றனர். அதனால் துளை பெரிதாகித் துளி தாரையாகிறது, தூய்மையும் கெடுகிறது. இரண்டாவது இடர்ப்பாடு அழுத்துவது. சிறு உருளைக் குப்பியை இரு விரல் நுனிகளால் மட்டுமே பிடிக்க இயலும். மருந்து குறையக் குறைய உள்ளே காற்று மிகுவதால், அதே துளிக்கு மேலும் ஆழமாக அழுத்த நேர்கிறது. மூன்றாவது இடர்ப்பாடு குறிபார்ப்பது. தலையைச் சாய்த்து, ஒரு கையால் இமையை இழுத்து, மறுகையை நடுங்காமல் நிறுத்த வேண்டும். முனை கண்ணில் பட்டால் புண்ணோ தொற்றோ உண்டாகலாம்.

வடிவமைப்பு நெறிகள்

அழுத்தும் இடர்ப்பாட்டுக்கு நம் வீட்டுப் பாக்குவெட்டியே விடை காட்டுகிறது. அதில் அச்சுக்கு அருகே பாக்கும், தொலைவில் கையும் இருப்பதால் சிறு விசை பெருகுகிறது. அவ்வாறே இரு கைப்பிடிகளுக்கிடையே குப்பியை வைத்து, அச்சிலிருந்து குப்பி 3 செ.மீ., கை 12 செ.மீ. தொலைவில் இருக்குமாறு அமைத்தால், தேவையான விசை நான்கில் ஒரு பங்காகும். விரல் நுனிக்குப் பதில் உள்ளங்கை முழுதும் பணிசெய்யும். இங்கிலாந்தில் விற்பனையாகும் ஆட்டோஸ்குவீஸ் என்னும் துணைக்கருவி, இத்தகைய சிறகு வடிவக் கைப்பிடிகளை உடையது. ஆயினும் விசை எளிதானால் பல துளிகள் ஒருங்கே விழும் வாய்ப்பும் மிகும். ஆகவே கைப்பிடி ஓர் எல்லைக்குமேல் நெருங்காதவாறு ஒரு தடுப்பு வேண்டும்.

குறிபார்ப்பதற்கு, கண்குழியைச் சுற்றிய எலும்பின்மேல் அமரும் கிண்ணம் உதவும். நடுக்கமுள்ள கையும் முகமும் அப்போது சேர்ந்தே அசைவதால் குறி தவறுவது குறைகிறது. முனை கண்ணைத் தொடாத உயரத்தைக் கிண்ணமே உறுதிசெய்யும். மூடி அகன்றும் வரிப்பள்ளங்களுடனும் இருத்தல் வேண்டும். பார்வை குறைந்தோர் இரண்டு மருந்துகளைத் தடவியே பிரித்தறியப் புடைப்புக் குறிகளும் தேவை. கருவி பல அளவுக் குப்பிகளுக்கும் பொருந்துவதாய், கழுவத்தக்கதாய், மலிவானதாய் அமைதல் இன்றியமையாதது. மரக் கடைசலில் பெயர்பெற்ற அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கைவினைஞர்களின் திறன், மாதிரிக் கருவிகளைச் செய்து பார்க்கவேனும் பயன்படலாம்.

ஒரு முன்மாதிரி

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் இளமையிலேயே முடக்குவாதத்தால் கோணின. அவர் தம் கைக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவைப் பயிற்சி பெற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது. 1992இல் நிறுவப்பெற்ற அதன் ஆரோலேப், கண்ணினுள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்ய இயலும் எனக் காட்டியது. மருத்துவரின் கைக்காகக் கருவி மாறியது போல நோயாளியின் கைக்காகவும் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

முடிவுரை

புதிய குப்பி வரும்வரை செய்யத்தக்கனவும் உள. படுத்த நிலையில் மருந்திடலாம். குப்பி பிடித்த கையை, கன்னத்தில் ஊன்றிய மறுகையின்மேல் தாங்கலாம். மருந்திட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்தலாம். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடலாம். மருத்துவமனைகளில், 'மருந்து விடுகிறீர்களா?' என வினவுவதோடு நில்லாமல், நோயாளியை விடச்செய்து பார்ப்பது நன்று. புதிய கருவியின் சோதனையும் அங்குதான் தொடங்க வேண்டும். முதல் முயற்சியில் துளி விழுந்ததா, எத்தனை துளிகள் வீணாயின, முனை கண்ணில் பட்டதா என்னும் மூன்றையும் பதிந்தால் கருவியின் தகுதி தெளிவாகும். அச்சோதனைக்கு வலுவான இளங்கைகள் உதவா. பீடி சுற்றியும் நூல் இணைத்தும் தளர்ந்த கைகளே தேவை.