முதல் மழையிலேயே நத்தையைப் பிடியுங்கள்

தூத்துக்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் புதுக்கோட்டையில் ஐப்பசி பிறந்து முதல் நல்ல மழை விழுந்துவிட்டால், அன்று இரவு டார்ச் லைட்டோடு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவேன். இது வானம் பார்த்த பூமி. வெயில் மாதங்களில் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கல்லடியிலும் மண்ணுக்குள்ளும் கிடக்கும். ஈரம் பட்டதும் பசியோடு எழும். பப்பாளிக் கன்று, கத்தரி நாற்று, அவரைத் தளிர் எல்லாம் ஒரே ராத்திரியில் மொட்டையாகிவிடும்.

இதில் பெரிய எதிரி ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. ஓடு 20 செ.மீ. வரை வளரும். ஒரே உடலில் ஆணும் பெண்ணும் இருப்பதால் எல்லா நத்தையும் முட்டையிடும், ஒரு ஈட்டுக்கு நூறு, இருநூறு என்று. 1966-இல் அமெரிக்காவின் மயாமி நகருக்கு ஒரு சிறுவன் கொண்டுபோன மூன்று நத்தைகள், ஏழே ஆண்டில் 18,000-க்கு மேல் பெருகின. முதல் மழை இரவில் நான் அவசரப்படுவது இதற்காகத்தான். முட்டை வைக்குமுன் பிடித்த ஒன்று, பிறகு பிடிக்கும் நூற்றுக்குச் சமம்.

“உப்ப அள்ளி வீசுங்க மைனி, எல்லாம் செத்துரும்” என்பார்கள் அக்கம்பக்கத்தில். உப்பளம் சூழ்ந்த ஊரில் உப்புக்கா பஞ்சம்? உப்பு நத்தையின் உடம்புநீரை உறிஞ்சிக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் மண்ணில் விழுந்த உப்பு செடியின் வேரையும் வாட்டும். அதனால் உப்பு வாளிக்குள் மட்டும் இருக்கட்டும்.

முட்டை ஓட்டைத் தூவினால் நத்தை தாண்டாது என்றும் சொல்வார்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை உள்ளிட்ட ஐந்து தடுப்புகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. எதுவும் செடியைக் காக்கவில்லை. சாம்பலும் காய்ந்திருக்கும் வரைதான் உதவும். மழை நாளில் அதை நம்ப முடியாது.

பலன் தருவது கையால் பொறுக்குவதுதான். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அதனடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை, கனிந்த பழத்தோல் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு மேலும், விடிந்து வெயில் ஏறுமுன்னும் சாக்கைப் புரட்டினால் கூட்டமாக இருக்கும். பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். செத்தபின் செடிகளுக்கு எட்டத்தில் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். மண்ணைக் கிளறும்போது வெளிறிய மஞ்சள் நிறத்தில் சிறு முட்டைகள் கொத்தாகத் தென்பட்டால் அவற்றையும் வாளியில் சேருங்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒருவகைப் புழு இந்த நத்தையில் இருக்கலாம். கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். தோட்டத்துக் கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

தண்ணீரைக் காலையில் பாய்ச்சுங்கள். சாயங்கால ஈரம் நத்தைக்கு விருந்து வைத்தது போல. சுவரோரம் கிடக்கும் செங்கல், ஓலை, உடைந்த தொட்டிகளை அப்புறப்படுத்தினால் பகலில் பதுங்க இடமிருக்காது.

நத்தைக்கு விஷக் குருணை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அதைத் தின்ற நாய் சாகக்கூடும். வேலிப் புதரில் திரியும் செம்போத்து நத்தையைக் கொத்தித் தின்னும் பறவை. நமக்காகக் கூலியில்லாமல் உழைக்கும் அதற்கு விஷமேறிய இரையைக் கொடுப்பது நியாயமா?

ஒரு வீட்டார் மட்டும் பொறுக்கினால் போதாது, அடுத்த காம்பவுண்டிலிருந்து ஏறி வந்துவிடும். இந்த ஐப்பசியில் மழை விழுந்ததும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். தெருவே ஒரு வாரம் சேர்ந்து பொறுக்கினால், கார்த்திகை மழையில் நாற்று தழைக்கும்.